ஒற்றைச் சொல் முகவரி

சொல்தா முதன்முதலாக என் அலுவலகத்துக்கு வந்த அன்று, வலது கையின் ஆள்காட்டி விரலால் மட்டும், ஒரு சொல்லை ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். எனக்கு அந்த விரல்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. நகம் ஒட்ட வெட்டியிருந்தது. கடைசி எழுத்தைத் தட்டிய பிறகும் அதை எடுக்காமல் விசைப்பலகையின் மேலேயே வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அந்தச் சொல்லுக்குப் பின்னால் புள்ளியும் காமும் சேர்த்துத் தேட விட்டேன். இந்தப் பெயர் யாரிடமும் இல்லை, எடுத்துக்கொள்ளலாம் என்று திரை சொன்னது. அவருக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. நானோ அவசரமாகப் பெயரைப் பதிவு செய்கிற பக்கத்தைத் திறந்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆரம்ப வருடங்கள். புதுச்சேரி மிஷன் வீதியில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே, ஒற்றை அறையில் நான் வெப்சைட் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். வந்தவர்கள் எல்லாம் விடுதிக்காரர்கள், நோணாங்குப்பத்தில் படகு விடுகிறவர்கள், சின்னத் தொழிற்சாலை வைத்திருந்தவர்கள். வெப்சைட்டை விட அதன் பெயருக்குத்தான் அதிகம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். உழவர்கரையில் பிளாஸ்டிக் குடம் செய்கிற ஒருவர், தன் குலதெய்வத்தின் பெயர், தகப்பனார் பெயர், ஊர்ப் பெயர் மூன்றும் வரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். உழவர்கரை என்ற ஊரையே ஆங்கிலத்தில் ஆளாளுக்கு ஒரு விதமாக எழுதுகிறார்கள், கேட்கிறவர் எதைத் தட்டுவார் என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கடைசியில் அவர் ஆசைப்பட்டதையே வாங்கிக் கொடுத்தேன். அந்த முகவரியை யாரும் ஒருமுறைகூடப் பிழையில்லாமல் தட்டியிருக்க மாட்டார்கள்.

ஒற்றைச் சொல் அப்படியல்ல. அந்தக் காலத்தில் நிறைய பேர் எதையும் தேடிப் பார்க்க மாட்டார்கள். மனதில் இருக்கிற சொல்லைத் தட்டி, புள்ளி காம் போட்டு, என்ன வருகிறது என்று பார்ப்பார்கள். ஆகவே சின்னதாக, காதால் கேட்டபடியே எழுதக் கூடியதாக, நடுவில் கோடோ எண்ணோ இல்லாமல், எந்த ஊர்க்காரருக்கும் நாக்கில் வருகிற சொல் ஒன்று கையில் இருந்தால், விளம்பரமே இல்லாமல் ஆட்கள் வந்துகொண்டிருப்பார்கள். அப்படிப்பட்ட சொற்களை எல்லாம் யார் யாரோ முன்னமே வளைத்துப் போட்டிருந்தார்கள். பிறகு இணையத் தொழில்கள் வரிசையாகக் கவிழ்ந்தன. வாங்கிப் போட்டவர்கள் புதுப்பிக்காமல் கைவிட்டார்கள். சொல்தா தட்டிய சொல்லையும் எவரோ அப்போதுதான் நழுவ விட்டிருக்க வேண்டும். அது பிரெஞ்சில் கைக்குழந்தையைக் கொஞ்சுகிற சொல். இன்னும் இரண்டு மூன்று மொழிகளிலும் அதற்கு ஏதோ ஒரு நல்ல அர்த்தம் இருப்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். அதை இங்கே நான் எழுதப் போவதில்லை. இன்று அது வேறொருவருடையது.

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியத்தோடு திரும்பியவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்றுதான் சொல்வோம். அவர் பிரான்சின் மர்செய் நகரத்தில் இருபது வருடத்துக்கு மேல் குடியிருந்துவிட்டு, மனைவியோடு திரும்பி வந்து மூலக்குளத்தில் வீடு கட்டியிருந்தார். நேரில் நான் அவரை முசியே என்றும் அவர் மனைவியை மதாம் என்றும் கூப்பிட்டேன். என்ன வியாபாரத்துக்காக இந்தப் பெயர் என்று கேட்டபோது, "வியாபாரம் ஒண்ணும் இல்லம்மா. எம் பையன் பேரு. வீட்ல கூப்புடுற பேரு" என்றார்.

பிறகு சொன்னார். பையன் கம்ப்யூட்டர் படித்தவன். படிப்பைப் பாதியில் விட்டதும் வீட்டில் சண்டை வந்தது. விருந்தாளிகள் உட்கார்ந்திருந்த சாப்பாட்டு மேசையில், எல்லார் எதிரிலும் சொல்தா அவனை அறைந்தார். இனிமேல் என் பெயரை எங்கேயும் போட்டுக்கொள்ளாதே என்றார். அவன் அன்று மாலையே ஒரு பையோடு கிளம்பிப் போனான். திரும்பவில்லை. வயது வந்தவன், தானாகப் போனவன், நாங்கள் தேட முடியாது என்று அங்கே இருந்த அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். குடும்பப் பெயரில் எங்கே தேடினாலும் அவன் அகப்படவில்லை. சொன்னபடியே பெயரை மாற்றிக்கொண்டுவிட்டான் போலிருக்கிறது.

"அப்பறம் நாங்க இங்க வந்துட்டோம். அவன் என்னிக்காவது மனசு மாறி அந்த வீட்டுக்குப் போனா, கதவத் தொறக்குறது வேற யாரோ. நாங்க எங்க போனோம்னு அங்க ஒருத்தருக்கும் தெரியாது" என்றார். "கம்ப்யூட்டர் பயித்தியம்மா அவன். என்னிக்காச்சும் ஒரு நாள் தன் பேரப் போட்டுப் பாப்பான். யாரா இருந்தாலும் பாப்பாங்கல்ல? என் பேரு வேணாம்னு நான்தான் சொன்னேன். அதான் அவன் பேர்லயே கூப்புடுறேன்."

ஒரே ஒரு பக்கம் போதும் என்றார். மூலக்குளத்து வீட்டு கேட்டின் முன்னால் அவரும் மதாமும் நிற்கிற படம் ஒன்று. அதன் கீழே மூன்று வரி. வீடு மாறிவிட்டோம், இங்கேதான் இருக்கிறோம், வா. அதற்கும் கீழே முகவரியும் தொலைபேசி எண்ணும். அப்போதெல்லாம் வெளியூர்க் கணினிகளில் தமிழ் எழுத்து சரியாகத் தெரியாது, கட்டம் கட்டமாக வரும். அதனால் தமிழ் வரிகளைப் படமாக மாற்றிப் போட்டேன். பிரெஞ்சில் அவரே சொல்லச் சொல்லத் தட்டினேன். 'வா' என்ற சொல்லுக்கு மட்டும் வெகுநேரம் யோசித்தார். கட்டளை மாதிரி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

பக்கம் இணையத்தில் ஏறியதும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மகன் அல்ல. பிள்ளை பெற்றவர்கள், பொம்மைக் கடை தேடியவர்கள், எதையோ தட்ட நினைத்து இதைத் தட்டியவர்கள். உலகத்தின் எங்கெங்கோ இருந்து வந்து, கேட்டின் முன்னால் விறைப்பாக நிற்கிற இரண்டு தமிழர்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். சிலர் மின்னஞ்சல் எழுதினார்கள். நான் உங்கள் மகன் இல்லை, ஆனால் என் அப்பாவுக்கு இன்று போன் செய்தேன் என்று பிரெஞ்சில் ஒரு பெண் எழுதினாள். சொல்தா அதைப் படித்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். ஒருவன் விளையாட்டுக்காக, அப்பா நான்தான் என்று எழுதினான். சொல்தா அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். உன் அம்மா உனக்குப் பாலில் என்ன போட்டுக் கொடுப்பாள்? பதில் வரவில்லை.

எந்தெந்த ஊரிலிருந்து எப்போது ஆள் வந்தது என்பது எங்கள் சர்வரில் வரிசையாகப் பதிவாகும். ஒரு மழைக்காலத்தில் அதில் ஒன்றைக் கவனித்தேன். பிரான்சின் துலூஸ் நகரத்திலிருந்து ஒரு வருகை. வேறு எந்தப் பக்கத்திலிருந்தும் தாவி வந்ததல்ல, நேராகப் பெயரைத் தட்டி வந்தது. மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். அங்கே விடியற்காலை ஆறு மணி, நமக்குப் பத்தரை. ஒரே ஒரு முறை வரும், எதையும் அழுத்தாது, போய்விடும். ஞாயிற்றுக்கிழமை என்றும் இல்லை, பண்டிகை என்றும் இல்லை. வாசல் வரை வந்து, மணி அடிக்காமல் திரும்புகிற ஆளைப் போல.

சொல்தாவிடம் சொன்னேன். அடுத்த நாள் அவருக்குப் பின்னால் மதாமும் படியேறி வந்தார். அதுவரை அவர் என் அலுவலகத்துக்கு வந்ததே இல்லை. கம்ப்யூட்டரில் பிள்ளையைத் தேடுகிற பைத்தியக்காரத்தனம் என்று கணவரைத் திட்டிக்கொண்டிருந்தவர். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பத்தரை தாண்டியதும் அந்த ஒற்றை வரி திரையில் முளைத்தது. எழுத்தும் எண்ணும் கலந்த, மனிதர் யாருக்கும் ஒன்றும் சொல்லாத வரி. மதாம் அதையே பார்த்தபடி, "எழுந்துட்டான்" என்றார்.

அதன் பிறகு அந்தப் பக்கம் மாறிக்கொண்டே இருந்தது. சொல்தா ஸ்டூடியோவில் கழுவிய படங்களைக் கொண்டுவருவார், நான் ஸ்கேன் செய்து, கீழே ஒரு வரி சேர்த்துப் போடுவேன். மாடியில் ஒரு அறை எழுப்பியிருக்கிறோம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்று, நன்றாகத் தெரிகிறது. வாசலில் மழைத் தண்ணீர் நிற்கிறது. ஜூலை பதினாலு பிரெஞ்சு விழாவுக்குக் கடற்கரையில் வாணம் விட்டார்கள், போயிருந்தோம். யாரென்றே தெரியாத ஒருவருக்கு வீட்டு நடப்பை ஒருதலையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். படம் மாறுகிற நாட்களில் அந்த வருகை கொஞ்சம் அதிக நேரம் தங்குகிறது என்று மதாம் நம்பினார். அப்படித் தெரிந்துகொள்ள வழியில்லை என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. உண்மையில் எனக்கும் நாளடைவில் அந்த வரி முளைக்கிற நேரத்தில் அறைக்குள் இன்னொருவர் வந்து நிற்பது போல இருந்தது. பத்தரை மணிக்கு நான் பேச்சைத் தாழ்த்திக்கொள்வேன்.

ஒரு நாள் மதாம் கணவரிடம், "மன்னிச்சுடுன்னு ஒரு வார்த்த போடுங்களேன்" என்றார். மறுநாள் சொல்தா தனியாக வந்தார். எழுதிக்கொள் என்று என்னிடம் பிரெஞ்சில் சொல்ல ஆரம்பித்தார். மன்னிப்பைக் குறிக்கிற 'பர்தோன்' என்ற சொல் வந்ததும் நிறுத்தினார். நான் தட்டியதைத் திரையில் வெகுநேரம் பார்த்தார். "வேணாம்மா. அழிச்சுடு. இத அவன் மூஞ்சியப் பாத்துத்தான் சொல்லணும்" என்றார். அழித்தேன்.

அந்தப் பெயரை வாங்க ஆட்கள் எழுதிக்கொண்டேதான் இருந்தார்கள். எல்லாவற்றுக்கும் முடியாது என்ற ஒரே பதில். கடைசியில் ஒரு தரகர் என் அலுவலகத்துக்கே போன் செய்தார். குழந்தை உடுப்பு விற்கிற ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்காகப் பேசினார். தமிழர்தான். "ஒரே சொல்லு மேடம். சொன்னா எழுதத் தெரியும், எழுதுனா சொல்லத் தெரியும். எந்த அம்மா கேட்டாலும் சிரிப்பாங்க. இதுமாதிரி இன்னொண்ணு கெடைக்காது" என்றார். அவர் சொன்ன தொகைக்கு மூலக்குளத்தில் இன்னொரு வீடு கட்டலாம். நான் வழக்கமான பதிலைச் சொன்னேன். அவர் சளைக்கவில்லை. "நாங்க விட மாட்டோம் மேடம். அந்தப் பேரு உயிரோட இருக்கா, கைமாறுதான்னு எங்க ப்ரோகிராம் தெனமும் காலையில போயி பாத்துட்டு வருது" என்றார்.

எங்கிருந்து என்று கேட்டேன். பிரான்சில் ஒரு சர்வரில் இருந்து என்றார். எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை.

அன்று மாலையே மூலக்குளம் போனேன். இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னேன். அது ஒரு இயந்திரமாக இருக்கலாம், விடிந்ததும் வந்து பெயர் இருக்கிறதா செத்ததா என்று பார்த்துவிட்டுப் போகிற இயந்திரம். சொல்தா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். மதாம்தான் பேசினார். "கோடையில ஒரு மணி நேரம் முன்னாடியே வருதே. அங்க கடியாரத்த மாத்துறப்ப அதுவும் மாறுதே. அவன் அங்க இருக்குறதாலதானே?" அந்த ஊர்க் கடிகாரத்தை வைத்து ஓடுகிற இயந்திரமும் அப்படித்தான் மாறும் என்றேன். பிறகு மதாம், "என்னவா வேணா இருக்கட்டும். தெனம் வந்து பாத்துட்டுப் போவுதுல்ல. வேற யாரு வராங்க எங்கள பாக்க?" என்றார். படம் மாற்றுவது நிற்கவில்லை.

சொல்தா அந்தப் பத்தாண்டு முடிகிற சமயத்தில் இறந்துபோனார். மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு, பக்கத்தில் சேதியைப் போடட்டுமா என்று மதாமிடம் கேட்டேன். அப்படி ஒரு கோபத்தை அவரிடம் நான் பார்த்ததில்லை. "அப்பா செத்துட்டாருன்னு எம் புள்ள கம்ப்யூட்டர்ல பாத்தா தெரிஞ்சுக்கணும்? ஒண்ணும் போடாத. வந்தா நான் சொல்லிக்கிறேன்." ஆகவே பழைய படமே இருந்தது. கேட்டின் முன்னால் இரண்டு பேர். துலூஸிலிருந்து அந்த வருகை தவறாமல் வந்து, உயிரோடு இல்லாத ஒருவரை உயிரோடு இருப்பவராகப் பார்த்துவிட்டுப் போனது. எனக்குச் சர்வர் பதிவைத் திறக்கவே பயமாக இருந்தது.

மதாமாலும் அதைத் தாங்க முடியவில்லை. சில மாதம் கழித்துப் படியேறி வந்தார். நடுவில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கியிருக்கிறார். "போன மனுசன தெனம் நிக்கவச்சு காட்டிக்கிட்டிருக்கோம்மா. அவருக்குக் கால் வலிக்கும். போதும். கேக்குறவங்களுக்குக் குடுத்துடு" என்றார். இன்னொரு முறை யோசியுங்கள் என்றேன். மூன்று முறை சொன்னேன். அவர் முடிவாக இருந்தார். தரகருக்குப் போன் செய்தேன். அந்த வாரத்துக்குள் பெயர் கைமாறிவிட்டது. அந்தச் சொல்லைத் தட்டினால் பூப்போட்ட சின்னச் சின்னச் சட்டைகள் வந்தன. பத்தரை மணிக்கு என் கை பழக்கத்தில் பதிவைத் திறக்கும். அங்கே ஒன்றும் இருக்காது.

மூன்று வாரம்கூட ஆகியிருக்காது. ஒரு காலையில் மதாமிடமிருந்து போன். "வந்துட்டாம்மா" என்றார். எனக்கு விளங்கவில்லை. "கேட்டுல நின்னுக்கிட்டிருந்தான். எவ்ளோ நேரமா நின்னானோ தெரியல. மணி அடிக்கல. நான் பால் எடுக்க வெளிய வந்தேன். அப்பா எங்கம்மான்னு கேட்டான். நான் சொல்லிட்டேன்." அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து அந்த மகன் என் அலுவலகத்துக்கு வந்தார். முப்பதுகளின் நடுவில் இருப்பார். முன்மயிர் நரைத்திருந்தது. நெற்றியும் நிற்கிற நிலையும் அப்படியே அப்பா. தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினார். தினமும் வந்துபோனது அவர்தான். இயந்திரமும் வந்திருக்கலாம், ஆனால் துலூஸ் அவர்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் சும்மா தன் வீட்டுப் பெயரைத் தட்டிப் பார்த்தாராம். அப்பா சொன்ன மாதிரியே. அன்றிலிருந்து காபி குடிக்கும்போது திறந்து பார்த்துவிட்டுத்தான் நாளைத் தொடங்குவாராம். மாடி அறை தெரியும். கண் ஆபரேஷன் தெரியும். முகவரி மனப்பாடம்.

ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ. அவர் கோபப்படவில்லை. "அது இருந்துச்சு, அதனாலதான்" என்றார். "தெனம் பாக்குறேன். ரெண்டு பேரும் நிக்கிறாங்க. நல்லா இருக்காங்க. அவங்கள பாத்துட்டேன்னு ஆயிடும். நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம்னு... அது இல்லாம இருந்தா, எப்பவோ வந்திருப்பேன்."

'பர்தோன்' என்று சொல்தா எழுதச் சொல்லி அழிக்கச் சொன்னதை அவரிடம் சொன்னேன். எங்கே உட்கார்ந்து சொன்னார் என்று கேட்டார். நாற்காலியைக் காட்டினேன். அவர் அதில் உட்காரவில்லை. அதன் முதுகில் கை வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றார்.

அம்மாவோடு அவர் மூன்று மாதம் இருந்தார். பிறகு போய்ப் போய் வந்துகொண்டிருந்தார். மதாம் கடைசிக் காலத்தில் தனியாக இல்லை. அது ஒரு ஆறுதல். நான் இன்னும் இதே தொழிலில்தான் இருக்கிறேன். அலுவலகம் மட்டும் பெரிய இடத்துக்கு மாறிவிட்டது. ஒரு சொல்லுக்கு இவ்வளவு விலையா என்று கேட்கிறவர்களுக்கு, சின்னது, மறக்காது, தட்டினால் தப்பாது, எல்லாருக்கும் அதில் ஏதோ ஒன்று இருக்கும் என்று விளக்குகிறேன். விளக்கும்போதே எனக்குள் வேறொன்று ஓடும். நாங்கள் வாசலைத் திறந்து வைத்து ஒருவரை அழைத்துக்கொண்டிருந்தோம். அவர் வாசலிலேயே போதுமென்று நின்றுவிட்டார். அந்தப் பக்கத்தை நான் அவ்வளவு ஒழுங்காகப் பராமரிக்காமல், ஒரு வாரம் இருட்டாகக் கிடக்க விட்டிருந்தால், சொல்தா அந்த ஒரு சொல்லை முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பாரோ? இதற்கு விடை கிடையாது என்று தெரியும். தெரிந்தும் சில காலைகளில் கேட்டுக்கொள்கிறேன்.

அலுவலகத்துக்கு வந்த அன்று மகன் விடைபெற்று இரண்டு படி இறங்கியவர், நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். பெயர் கைமாறிய காலையில் தான் என்ன செய்தார் என்று சொன்னார்.

"கொழந்த சட்டையா வந்துச்சு. நான்தான் தப்பா அடிச்சுட்டேன்னு நெனச்சேன். மறுபடியும் அடிச்சேன். ஒவ்வொரு எழுத்தா பாத்து அடிச்சேன். அப்பவும் சட்டதான். வேலைக்குப் போவல. சாயங்காலம் வரைக்கும் அடிச்சுக்கிட்டே இருந்தேன், எம் பேருக்கு எழுத்து எனக்கே மறந்துபோச்சோன்னு."